துரைக்கு வைத்த உருண்டை

எலிப்பொறி ‘டப்’பென்று அடித்த இடத்தில் போன வாரம் உங்களை விட்டுவிட்டுப் போனேன். எலியா, பெருச்சாளியா என்று யோசித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். இரண்டும் இல்லை, கண்ணுங்களா. விடிந்து போய்ப் பார்த்தால் பொறியின் கம்பி அடித்துக் கிடந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக முன்கதையை ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருவொற்றியூரில், எண்ணூர் லாரிகளின் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து துணியில் படிகிற தெரு ஒன்று. அதில் ஜெயவேல் வீடு. துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சொக்கம்மாள். ஒரே பிள்ளை தீனா, கன்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். மருமகள் மதி. கல்யாணமாகி ஐந்து வருஷம். வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை.

மகளிர் குழு மூலமாக மதி முயல் வளர்க்க ஆரம்பித்தாள். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு, கூண்டு அடித்து, பெட்டைகள் சிலதும் கிடா ஒன்றும் வாங்கி விட்டார்கள். கிடா வெள்ளை வெளேரென்று, சிவந்த கண்ணோடு, யார் வந்தாலும் சட்டை பண்ணாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார் ஜெயவேல். பெட்டைகளில் பெரியவள் அல்லி.

துரை வந்து மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு. ஒரு குட்டி பிறக்கவில்லை. பங்குனியில் ஒரு தடவை அல்லி வைக்கோலை வாயில் கவ்விக் கூடு கட்டினாள். வயிற்று முடியைப் பிய்த்துப் பிய்த்து மெத்தை போட்டாள். வீடே காத்திருந்தது. கடைசியில் ஒன்றும் இல்லை. முயலுக்கு அப்படிப் பொய்ச் சினை வருவதுண்டாம்.

அந்தச் சேதி ராயபுரத்தில் இருக்கிற ஜெயவேலின் அக்கா தனபாக்கியம் காதுக்குப் போனது. தனபாக்கியம் நல்ல மனுஷி. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மீன் குழம்போடு போய் நிற்பவள். ஆனால் நாக்குக்கு வாசற்படி கிடையாது. “அவ கை பட்டா முயலு கூட குட்டி போடாது” என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல் பஸ் ஏறி மதியிடம் வந்து சேர்ந்தது.

மதி அன்றைக்கு அழவில்லை. ஷெட்டைக் கழுவிவிட்டாள். சுத்தமாக இருந்த ஷெட்டைத் திரும்பவும் கழுவினாள்.

அல்லியைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொக்கம்மாளே சொன்னாள். அப்போதுதான் குழுவுக்காக வந்த கால்நடை டாக்டர் ரஹீமுன்னிசா ஷெட்டுக்குள் நுழைந்தார். அல்லியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிய சொக்கம்மாளைக் கையமர்த்தி, அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, “பொண்ணை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல மாப்பிள்ளையைக் காட்டுங்க” என்றார்.

யாரும் துரையைச் சந்தேகப்பட்டதே இல்லை. தின்கிறான், தூங்குகிறான், பெட்டையை விட்டால் துரத்துகிறான், அவனுக்கு என்ன குறை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கிடா முயலுக்குச் சூடு ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலைக் கீழே இறக்கி அதன் விந்தணுவை வேக வைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆள் ஜம்பமாகத்தான் இருப்பான். கூரை மேல் தென்னங்கீற்றுப் போடுங்கள், கோணியை நனைத்துத் தொங்கவிடுங்கள், தீனியை மாற்றுங்கள் என்றார். முளைகட்டின கோதுமை, பூசணி விதை, முருங்கைக்கீரை. அதோடு துத்தநாகமும் வைட்டமின் ஈ-யும் சேர்த்த பொடி ஒரு சிட்டிகை. “இன்னைக்குத் தின்னது நாளைக்கே வேலை செய்யாது. புது வித்து ஊறி வர ஒன்றரை மாசம் ஆகும். அவசரப்படாதீங்க.”

அன்றிலிருந்து சொக்கம்மாள் துரைக்கு மாமியார் ஆனாள். கோதுமையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தெருவில் யார் வீட்டில் பூசணிக்காய் குழம்பு என்றாலும் விதை அவளுக்கு வந்துவிடும். லாரிக்கு அமாவாசையில் உடைத்த பூசணிக்காயிலிருந்து தீனா விதை பொறுக்கி வந்தபோது மட்டும், திருஷ்டி கழித்த காயை மாப்பிள்ளைக்கு வைப்பதா என்று தூக்கிப் போட்டாள். எல்லாவற்றையும் இடித்து, தவிடு சேர்த்து, உருண்டை பிடித்து டப்பாவில் வைப்பாள். சும்மா தூவினாலே தின்னும், உருட்ட வேண்டியதில்லை என்று மதி சொன்னதற்கு, மாப்பிள்ளைக்கு வாரி இறைப்பது நம் வழக்கம் இல்லை என்றாள். டாக்டர் பொடியை மட்டும் மதி தனியாக, வைக்கிற நேரத்தில் உருண்டை மேல் தடவுவாள்.

ஆடி பிறந்தது. காற்று குளிர்ந்தது. துரை தயார் என்றார் டாக்டரம்மா. சொக்கம்மாள் மாட்டேன் என்றுவிட்டாள். ஆடியில் யாராவது புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பார்களா, சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமே என்று கூண்டுக்குக் குறுக்கே நின்றாள். முயலுக்கு ஒரு மாசம்தான் அத்தே, ஆவணியிலேயே பொறந்துடும் என்று மதி கணக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் அல்லியைத் தூக்கித் துரையின் கூண்டில் விட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் டப்பாவில் உருண்டை குறைய ஆரம்பித்தது. பெருச்சாளி என்று முடிவு கட்டிய ஜெயவேல், துறைமுகத்துக் கிடங்கிலிருந்து ஒரு காலத்தில் கொண்டுவந்த இரும்புப் பொறியைத் தேடி எடுத்து, எண்ணெய் போட்டு, டப்பாவுக்குள்ளேயே வைத்தார்.

ஆச்சு. இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆவணி ஞாயிறு. அல்லிக்கு நாள் நெருங்கிவிட்டது. சாயங்காலம் தனபாக்கியம் வருகிறாள். தீனா விஷயத்தை முடிவாகப் பேச வருகிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். முடிவாக என்றால் என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மதிக்கும் தெரியும்.

*

ஜெயவேல் பொறியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடி இல்லை, ரத்தம் இல்லை, வால் இல்லை. பொறி அடித்து, அதிலிருந்து தப்பிக்கிற எலி இந்தத் திருவொற்றியூரில் இல்லை என்று சத்தியம் பண்ணினார். துறைமுகத்துப் பொறி அது. கப்பல் எலியையே பிடித்தது.

“அப்ப அது பொறியத் தொறந்து மூடத் தெரிஞ்ச எலி” என்றாள் சொக்கம்மாள்.

தீனா விடியற்காலையில்தான் வந்து படுத்திருந்தான். எழுந்து வந்தவன் வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு காபி கேட்டான். மதி டம்ளரை நீட்ட, அவன் இடது கையை நீட்டினான். என்னவென்று பிடித்து இழுத்துப் பார்த்தால் நடு இரண்டு விரலும் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தன. கன்டெய்னர் கதவு அடித்துவிட்டது என்றான்.

ஜெயவேல் பொறியிலிருந்து தலையை எடுக்காமலே சிரித்தார். “கன்டெய்னர் கதவு அடிச்சா வெரலு இந்நேரம் ஆர்பர்ல கெடந்திருக்கும்டா. ஒன்கிட்ட இருந்திருக்காது” என்று சொல்லிவிட்டு, பொறிக்கு மறுபடி எண்ணெய் போடப் போய்விட்டார். மனுஷன் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு அப்படியே போய்விட்டார், பாருங்கள்.

மதி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். பார்த்து வேலை செய்யக்கூடாதா என்று ஊதி ஊதித் தடவினாள். சொக்கம்மாள் எட்டி நின்று பார்த்தாள். இரண்டு விரலுக்கும் குறுக்கே, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே நேர்கோடு. கம்பி அடித்த கோடு.

அவள் கண் பொறிக்குப் போனது. பொறியிலிருந்து டப்பாவுக்குப் போனது. டப்பாவிலிருந்து பிள்ளையின் முகத்துக்கு வந்தது. தீனா சட்டென்று காபியைக் குடிக்க ஆரம்பித்தான். சூட்டில் நாக்கு பொத்துப்போனது.

*

மத்தியானம் வரை அல்லி ஒன்றும் தின்னவில்லை. வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு கூண்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். குட்டி போட வைத்த பெட்டிக்குள் கொண்டுபோய் வைப்பாள், பிடிக்காமல் திரும்ப எடுத்து வருவாள். அப்புறம் வயிற்று முடியைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

மதி கூண்டுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. முடி பிய்ப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் இல்லை. பங்குனியிலும் இப்படித்தானே பிய்த்தாள். மதிக்கே ஒரு வருஷம் அப்படி ஆகியிருக்கிறது. நாள் தள்ளிப்போய், சொக்கம்மாள் தெருவுக்கே சர்க்கரை கொடுத்து, பிறகு ஒன்றும் இல்லையென்று ஆனது. அந்தச் சர்க்கரையை வாங்கித் தின்ற முகங்களைப் பார்க்க அவளுக்கு எத்தனையோ நாள் ஆயிற்று.

சொக்கம்மாள் ஷெட்டிலிருந்து திரும்பி வந்து தீனாவுக்குத் தட்டு வைத்தாள். சோறு, வஞ்சிரக் குழம்பு, பொரியல். அப்புறம் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் திறந்து, துரைக்கு வைத்த உருண்டையில் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்தாள்.

தீனா உருண்டையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“துன்னு” என்றாள் சொக்கம்மாள். “கேட்டா குடுக்கப் போறேன். பொறிக்குள்ள எதுக்குக் கை வுடுற?”

தீனா சோற்றைப் பிசையப் பார்த்தான். வீங்கின விரலால் பிசைய முடியவில்லை. அவளே வாங்கிப் பிசைந்து கொடுத்தாள்.

“எப்பலேர்ந்துடா?”

“கீத்து போட்டாங்களே, அன்னிலேர்ந்து.” அவன் குரலைத் தாழ்த்தினான். “டாக்டரம்மா ஷெட்டுல நின்னுகினு சொல்லிச்சே, சூட்டுல ஒக்காந்தா வெந்து பூடும்னு. நான் ஒக்கார்ற எடம் இன்னா ஊட்டியாம்மா? சீட்டுக்குக் கீழ இஞ்சினு. எர்ணாவூர்லேர்ந்து ஆர்பர் கேட்டு வரிக்கும் லைன்ல நிக்கிது வண்டி. காலைல ஏறுனா பொழுது சாயற வரிக்கும் அது மேலயே குந்திகினு கீறேன். தொரைக்காவது கோணி நனைச்சுத் தொங்க வுட்டீங்க.”

சொக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. மதிக்கு ஐந்து வருஷமாக அவள் அரைத்துக் கொடுத்த மலைவேம்பு இலைச் சாறு ஞாபகம் வந்தது. அதைக் குடிக்கும்போது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொள்வாள். குடித்து முடித்ததும், ஒன்றும் இல்லை அத்தே, கசப்பு பழகிப்போச்சு என்பாள். ஆஸ்பத்திரி டாக்டர் புருஷனையும் ஒரு தடவை அழைத்து வரச் சொன்னபோது, என் பிள்ளைக்கு என்ன குறை, அவன் எதுக்கு என்று வாசலிலேயே நின்று சொன்னவளும் இதே சொக்கம்மாள்தான்.

மதியிடம் சொன்னாயா என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்றான் தீனா. கோடு கிழித்த மாதிரி நேராக லாரி ஓட்டுகிற பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சாயங்காலம் ஒங்க அத்தை வர்றா. என் வாயால நான் சொல்லமாட்டேன் நைனா. அது ஒன் வாயால வரணும். அவ ஒருத்தியே குந்தி எத்தினி நாளு அத்தினி பேச்சையும் வாங்குவா?”

அவ்வளவுதான் சொன்னாள். உருண்டையை அவன் தின்னாமல் வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு பாதி வழியில் திரும்பி வந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான்.

*

தனபாக்கியம் வந்தபோது கூடவே மல்லிகைப் பூ வாசனையும் வந்தது. இரண்டு முழம் தலையில், நான்கு முழம் பையில். பேச வந்தது கடுமையான பேச்சாக இருந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டாள். ஜெயவேலுக்கு வெற்றிலை, சொக்கம்மாளுக்குக் காசிமேட்டு இறால், எல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, கடைசியாகப் பர்சிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து முழங்கால் மேல் குப்புற வைத்துக்கொண்டாள்.

மதி எங்கே என்றாள். ஷெட்டில் இருக்கிறாள், அல்லிக்கு நேரம் என்றாள் சொக்கம்மாள். நல்லதாகப் போயிற்று என்று தனபாக்கியம் பேச ஆரம்பித்தாள். மதியைத் தான் குறை சொல்லவில்லை என்றாள். தங்கமான பெண் என்றாள். வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை, அவளும் இருக்கட்டும், பெரியவளாக இருக்கட்டும் என்றாள். ஆனால் வம்சம் என்று ஒன்று இருக்கிறதே என்றாள். ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதோ, அதில் ஜன்னல் இருப்பதோ அவளுக்கு நினைவில் இல்லை. அவள் குரலுக்கு ஜன்னலும் தேவையில்லை.

ஜெயவேல் பொறியைத் துடைத்துக்கொண்டே, இப்ப எதுக்குக்கா அதெல்லாம் என்று முனகினார். தீனா தூணில் சாய்ந்து நின்றான். சொக்கம்மாள் இறாலை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். உரித்த இறாலையே திரும்பவும் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் மனசுல ஒண்ணும் வச்சிகினு பேசல” என்றாள் தனபாக்கியம். “கைராசின்னு ஒண்ணு கீதில்ல. முயலப் பாரு. ஊரெல்லாம் எலி மாதிரி பெத்துப் போடுது. இந்த வூட்ல மட்டும் கூடு கட்டிகினு குந்திகினு கீது.”

தீனா தூணை விட்டு வந்தான். அப்பாவின் கையிலிருந்த பொறியை வாங்கி, அத்தையின் முன்னால் தரையில் வைத்தான். மஞ்சள் பூசின விரலை அதன் பக்கத்தில் வைத்தான்.

“அத்தை, இந்தப் பொறியில மாட்ன எலி நான்தான்.”

தனபாக்கியத்துக்குப் புரியவில்லை. ஜெயவேலுக்குப் புரிய ஆரம்பித்து வாய் திறந்தது. தீனா நிறுத்தாமல் சொன்னான். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அல்லி மேல் தப்பில்லை என்று டாக்டர் சொன்னதை, துரைக்குத்தான் தீனி மாற்றினார்கள் என்பதை, இஞ்சின் சூட்டை, டப்பாவை. “அஞ்சு வருஷமா எல்லா ஆஸ்பத்திரிக்கும் அவதான் போனா. என்னிய ஒருத்தரும் கேக்கல, நானும் போவல. முயலுக்குக் கூட மொதல்ல மாப்ளையப் பாத்தாங்க. நாளிக்கு லீவு போட்ருக்கேன். என்னியப் பாக்கச் சொல்லப் போறேன். அந்தப் போட்டோவ உள்ள வச்சிடு அத்தை.”



தனபாக்கியம் பொறியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மருமகனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. கடைசியில் வந்தது வேறு.

“முயலுக்கு வச்சதயா துன்னே?”

தீனா தலையாட்டினான்.

“ஸோக்கா கீதா?”

ஜெயவேல்தான் முதலில் சிரித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு, கப்பல் எலி, கப்பல் எலி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சொக்கம்மாள் இறால் கையோடு எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்தாள். தனபாக்கியம் ஓர் உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மேலே செருகி ருசி பார்த்தாள்.

“உப்பு பத்தல சொக்கு.”

டாக்டரின் பொடியையும் தின்றாயா என்று ஜெயவேல் மகனைக் கேட்டார். ஒரே ஒரு நாள் நக்கிப் பார்த்தேன், கசந்தது, அப்புறம் தொடவில்லை என்று அவன் சொன்னதும் மறுபடி ஆரம்பித்தது சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஷெட்டிலிருந்து மதியின் குரல் கேட்டது. கூப்பிட்ட மாதிரியும் இல்லை, அழுத மாதிரியும் இல்லை.

“அத்தே, இங்க வாங்களேன்.”

எல்லாரும் ஓடினார்கள். கீற்றின் நிழலில் ஷெட் குளுகுளுவென்று இருந்தது. அல்லி பெட்டியை விட்டு வெளியே வந்து ஒன்றும் நடக்காதது போல முருங்கைக்கீரை தின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்குள் அவள் பிய்த்துப் போட்ட முடி பஞ்சு மாதிரி குவிந்து கிடந்தது.

அந்தப் பஞ்சு மூச்சு விட்டது. மேலே எழும்பி, கீழே இறங்கி, ஓரத்தில் ஒரு துள்ளு துள்ளியது.

மதி ஒரு குச்சியால் முடியை மெல்ல விலக்கினாள். உள்ளே ரோஸ் நிறத்தில், கண் திறக்காமல், முடி இல்லாமல், ஒன்றன் மேல் ஒன்றாக நெளிந்துகொண்டு கிடந்தன. ஜெயவேல் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். சொக்கம்மாள் இறால் வாசனைக் கையால் அவர் வாயைப் பொத்தினாள். பிள்ளைகளை எண்ணக்கூடாது.

பக்கத்துக் கூண்டில் துரை வழக்கம்போல் யாரையும் சட்டை பண்ணாமல் உட்கார்ந்திருந்தான்.

தனபாக்கியம் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். தொடக்கூடாது, வேற்று வாசனை பட்டால் தாய் ஒதுக்கினாலும் ஒதுக்கிவிடும் என்று மதி மெதுவாகச் சொன்னாள். இவ்வளவு வருஷத்தில் தனபாக்கியத்துக்கு அவள் ஒன்றைக் கூடாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தனபாக்கியம் கையை உடனே எடுத்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பையிலிருந்த நான்கு முழம் பூவை எடுத்து மதியின் தலையில் வைத்துவிட்டாள். வைக்கும்போது ஹேர்பின் கிடைக்கவில்லை. தன் தலையிலிருந்து ஒன்றை உருவிக் குத்தினாள்.

“இது பால்குடி மறந்ததும் எனக்கொரு சோடி எடுத்து வையி. ஒன் கையால குடு. வேற யாரும் குடுத்தா நான் வாங்கமாட்டேன்” என்றாள்.

மதி சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

“காலைல ஊதி ஊதிப் பத்து போட்டேனே. அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீ ஊதினது நல்லா இருந்திச்சி” என்றான் தீனா.

அவள் அவன் வீங்கின விரலைப் பிடித்து, லேசாக, மிக லேசாக, ஓர் அழுத்து அழுத்தினாள். தீனா ‘யம்மா’ என்றான். ஐந்து வருஷத்துக்கு அது போதும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ.

*

மறுநாள் ராயபுரத்து ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். சொக்கம்மாள் வருகிறேன் என்றாள், இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தனபாக்கியம் வீடு அடுத்த தெரு என்பதால், சொல்லாமல் கொள்ளாமல் அவளும் இட்லியோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். நர்சு துரத்தியதும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தபடியே பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கிடா முயலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் மதியும் தீனாவும். மதியின் மடியில் ஒரு சின்ன டப்பா. சொக்கம்மாள் கொடுத்தனுப்பியது. இந்தத் தடவை உப்புப் போட்டிருந்தாள்.

மதிக்கு அந்த பெஞ்சு புதிதில்லை. அதில் எந்தப் பக்கம் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், எந்தச் சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு ஒட்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். தீனா வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் ஆணியில் பேண்ட்டைக் கிழித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள்.

“தீனதயாளன்.”

மதி எழுந்துவிட்டாள். இத்தனை வருஷமும் அவளை ‘தீனதயாளன் சம்சாரம்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் சொல் காதில் விழுந்ததுமே எழுந்து பழகிய கால்.

தீனா அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். “ஒக்காரு. இது நானு” என்றான். கிழிந்த பேண்ட்டைச் சட்டையால் மறைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனான்.

கதவு மூடியது. மதி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். தலையில் நேற்றைய பூ வாடியிருந்தாலும் வாசனை போகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பொறிக் கதையைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. மதிக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றது. உள்ளே ஏதோ மெதுவாகப் பேசினார்கள். காதைத் தீட்டியும் அவளுக்குக் கேட்கவில்லை.

கதவு பாதி திறந்தது.

“சம்சாரம் யாரும்மா? நீயும் உள்ள வா” என்றது டாக்டரின் குரல்.

மதி எழுந்தாள். இந்தத் தடவை அவளைத்தான் கூப்பிட்டார்கள்.